கூலி உண்டு, தொழிலாளி இல்லை: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டும் ஊதியப் பிரச்சினையும்

எமது சஞ்சிகைகளில் விளையாட்டைப் பற்றி எழுதப்படுவது மிகக் குறைவு. சினிமாவையும் தொலைக்காட்சித் தொடரையும் வெகுசனப் பண்பாடு என்று எடுத்து வைத்து விமர்சிக்கும் நாம், விளையாட்டை மட்டும் வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கி விடுகிறோம். ஆனால் கடந்த சில வருடங்களாக அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் நடந்து வருவது உழைப்பு, கூலி, சட்டம் ஆகிய மூன்றையும் பற்றிய ஒரு பகிரங்க விவாதம். 2025 ஜூன் 6ஆம் திகதி, கலிபோர்ணியாவில் நீதிபதி கிளோடியா வில்கன், 'ஹவுஸ்' வழக்கு என அறியப்படும் வழக்கின் இணக்கத் தீர்வுக்கு ஒப்புதல் அளித்தார். அதன்படி அந்த வருடம் ஜூலை மாதம் தொடக்கம் கல்லூரிகள் தமது விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். முதல் வருடத்தில் ஒரு கல்லூரி கொடுக்கக்கூடிய உச்சத்தொகை ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர். 2016ஆம் ஆண்டிலிருந்து விளையாடியவர்களுக்கு நிலுவையாகச் சுமார் 2.8 பில்லியன் டொலர், பத்து வருடங்களில்.

இதை ஒட்டி இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று புலம்பல்: காசு வந்தது, விளையாட்டு கெட்டது, கல்லூரிப் பற்று போயிற்று, வீரர்கள் வருடத்துக்கொரு கல்லூரி மாறுகிறார்கள், சிறிய விளையாட்டுகள் மூடப்படுகின்றன. மற்றது கொண்டாட்டம்: நூறு வருடச் சுரண்டல் முடிந்தது, உழைத்தவன் கைக்குக் கூலி வந்தது. இரண்டும் பிரச்சினையின் மையத்தைத் தவறவிடுகின்றன என்பதே எனது அபிப்பிராயம். இன்று காணப்படும் குழப்பங்களிற் பெரும்பகுதி கூலி கொடுத்ததால் வந்தவை அல்ல. கூலியைக் கொடுத்துக்கொண்டே, வாங்குபவரைத் தொழிலாளி என்று ஏற்க மறுப்பதால் வந்தவை. இதை விளக்கச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

1. ஒரு சொல்லின் பிறப்பு

கல்லூரி விளையாட்டு ஒரு காலத்தில் காசு படாத தூய்மையோடு இருந்தது என்பது கட்டுக்கதை. அமெரிக்காவின் முதலாவது கல்லூரிகளுக்கிடையிலான போட்டி 1852இல் நியூ ஹாம்ப்ஷயரின் வினிப்பசாக்கி ஏரியில் ஹாவார்ட், யேல் ஆகிய கல்லூரிகளுக்கிடையே நடந்த படகோட்டப் போட்டி. அதன் செலவை ஏற்றது ஒரு ரயில் கம்பனி. அந்தப் பாதையில் பயணிகளைச் சேர்ப்பதே அதன் நோக்கம். 1929இல் கார்னகி அறக்கட்டளை ஒரு நீண்ட அறிக்கையை வெளியிட்டது. நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து, அவற்றில் பெரும்பாலானவை வீரர்களுக்கு ஏதோவொரு வழியில் பணமோ சலுகையோ கொடுத்து வந்ததை அது காட்டியது. ஆக, கூலி எப்போதும் இருந்தது. மேசைக்கு மேலா கீழா என்பதே கேள்வி.

1906இல் தோன்றிய கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ., 1956இல் விளையாட்டுக்கான புலமைப்பரிசிலை அனுமதித்தது. அனுமதித்தவுடன் ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. விளையாடுவதற்காகப் படிப்புச் செலவு கொடுக்கப்படுகிறதென்றால், விளையாட்டிற் காயப்பட்டவன் தொழிலாளிதானே? அவனுக்கு நட்டஈடு உண்டல்லவா? கொலராடோ மாநில உயர் நீதிமன்றம் 1953இலேயே நெமெத் என்ற மாணவருக்கு அவ்வாறு தீர்ப்பளித்திருந்தது. 1955இல் அதே மாநிலத்தில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக அமெரிக்க உதைபந்தாட்டம் ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அவரது மனைவி நட்டஈடு கேட்டார். 1957இல் நீதிமன்றம் மறுத்தது. கல்லூரி உதைபந்தாட்ட வியாபாரத்தில் இல்லை என்பது அது சொன்ன காரணம்.

'மாணவ-வீரர்' என்ற கூட்டுச்சொல் இந்தப் பின்னணியில் உருவாக்கப்பட்டது. 1951 தொடக்கம் 1980களின் பிற்பகுதிவரை சங்கத்தை நடத்திய வால்ரர் பையேர்ஸ் இதை ஒளிக்கவில்லை. 1995இல் வெளிவந்த தனது நினைவு நூலில், நட்டஈட்டு வழக்குகளிலிருந்து தப்பவே அச்சொல்லை ஆக்கி எல்லா விதிகளிலும் புகுத்தினோம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த நூல் முழுவதும் தான் கட்டிய அமைப்பின்மீது அவர் வைக்கும் குற்றச்சாட்டுத்தான். அதிகாரத்தில் இருக்கும்வரை பேசாத உண்மையை ஓய்வுபெற்ற பின் பேசுவது எமக்கும் பழக்கமானதே. எனினும் அவரது சாட்சியம் முக்கியமானது. ஒரு சொல் எப்படி ஒரு விதவைக்கான நட்டஈட்டை மறுக்கும் கருவியாக இருக்க முடியும் என்பதை, அந்தச் சொல்லைச் செய்தவரே கூறுகிறார்.

2. கலப்படக் கூலி

அமெச்சூர்த்தனத்தின் ஆதரவாளர்கள் சொல்லும் வாதம் ஒன்று கவனத்துக்குரியது: "இவர்களுக்குக் கூலி இல்லையென்று யார் சொன்னது? உலகின் மிகச் சிறந்த கல்வி இலவசமாகக் கிடைக்கிறது." பட்டம் என்பது பெறுமதியுள்ள பண்டந்தான். ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இவ்வழியாகவே கல்லூரிப் படிகளை ஏறினார்கள் என்பதும் உண்மை.

ஆனால் பொருளாகக் கொடுக்கப்படும் கூலியின் தரத்தை நிர்ணயிப்பது யார்? கொடுப்பவர்தான். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சப்பல் ஹில் வளாகத்தில் 1993 தொடக்கம் 2011வரை ஆபிரிக்க, ஆபிரிக்க-அமெரிக்கக் கற்கைகள் துறையில் விரிவுரையே நடக்காத 'காகித வகுப்புகள்' நடத்தப்பட்டன. மூவாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் அவற்றில் பதிவு செய்திருந்தனர். அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் விளையாட்டு வீரர்கள். ஒரு கட்டுரை கொடுத்தால் நல்ல புள்ளி. 2014இல் முழு விசாரணை அறிக்கையும் வெளிவந்தது. 2017இல் என்.சி.ஏ.ஏ. இதற்குத் தண்டனை எதுவும் விதிக்க முடியாது என்று முடிவு செய்தது. அவ்வகுப்புகள் வீரர்களுக்கு மட்டுமல்லாமல் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன என்பது காரணம்! 'கல்விதான் கூலி' என்று சொல்லும் சங்கம், அந்தக் கூலியில் கலப்படம் நடந்தபோது அது தன் விவகாரமல்ல என்றது.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது மற்றவர்களின் ஊதியம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அரச ஊழியர்களிலேயே அதிக சம்பளம் வாங்குபவர் ஆளுநர் அல்ல, பல்கலைக்கழக அதிபருமல்ல. உதைபந்தாட்ட அல்லது கூடைப்பந்துப் பயிற்றுநர். 2023 நவம்பரில் ரெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தனது பயிற்றுநர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை சுமார் 76 மில்லியன் டொலர். வேலை செய்யாதிருப்பதற்கான கூலி இது. இதே அமைப்பில், கல்லூரியில் படித்த காலத்தில் விளையாட்டு முகவர்களிடம் பணமும் சலுகைகளும் பெற்றார் என்பதற்காக ரெஜி புஷ் என்ற வீரர் 2005இல் பெற்ற ஹைஸ்மன் விருதை 2010இல் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. 2024இல் காலம் மாறிவிட்டது என்று கூறி விருதை மீளக் கொடுத்தார்கள்.

3. தோட்டம் என்ற உவமை

இந்த அமைப்பின்மீது எழுதப்பட்ட விமர்சனங்களில் அதிகம் பேசப்பட்டது, கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்ட வரலாற்றாசிரியர் ரெய்லர் பிராஞ்ச் 2011இல் 'அற்லாண்டிக்' சஞ்சிகையில் எழுதிய நீண்ட கட்டுரை. வருமானம் தரும் இரு விளையாட்டுகளிலும் களத்தில் இறங்குபவர்களிற் பெரும்பகுதி கறுப்பின இளைஞர்கள், மேலே இருந்து பங்கிடுபவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். இந்தக் காட்சியில் அடிமைத் தோட்டத்தின் வாடை வீசுகிறது என்று, தயக்கத்துடனேயே, பிராஞ்ச் எழுதினார். அந்த உவமை பின்னர் எல்லோர் வாயிலும் புகுந்தது.

எனக்கு இந்த உவமையில் உடன்பாடும் உண்டு, சங்கடமும் உண்டு. அடிமைக்குப் புலமைப்பரிசில் இல்லை, வெளியேறும் வாசலும் இல்லை. ஆகவே அடிமைத்தனம் என்ற சொல்லை மலிவாக்குவது சரியல்ல. ஆனால் எமக்குத் தெரிந்த இன்னொரு தோட்டம் இருக்கிறது. மலையகத்தில் கடன்பட்ட தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போவதானால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைத் தந்தால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. கல்லூரி விளையாட்டிலும் ஒரு துண்டு இருந்தது. 2018வரை, புலமைப்பரிசில் பெறும் ஒரு வீரர் வேறு கல்லூரியோடு பேசுவதற்கே தனது கல்லூரியின் அனுமதி தேவைப்பட்டது. முக்கிய விளையாட்டுகளில் 2021வரை, மாறிப் போனவர் பொதுவாக ஒரு வருடம் விளையாடாமற் குந்தியிருக்க வேண்டும். பயிற்றுநரோ மறுநாளே வேறு கல்லூரியிற் சேர்ந்து இரட்டிப்புச் சம்பளம் வாங்கலாம்.

மலையகத்தில் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று சங்கம் அமைத்தது 1931இல். அந்தப் பத்து வருட இடைவெளியை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். இடம் மாறும் சுதந்திரம் ஒன்று, கூடிநின்று பேரம்பேசும் உரிமை வேறொன்று. முதலாவது கிடைத்ததும் இரண்டாவது தானாக வந்துவிடுவதில்லை. அமெரிக்கக் கல்லூரி வீரர் இன்று அந்த இடைவெளியிற்தான் நிற்கிறார்.

4. சந்தை வழங்கிய நீதி

வீரர்களுக்கு இன்று கிடைத்திருப்பவை அனைத்தும் தொழிற்சட்டத்தின் வழியாக வந்தவை அல்ல என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. தொழிற்சட்ட வழி ஏறத்தாழ முழுவதும் அடைபட்டது. 2014இல் நோர்த்வெஸ்ரேர்ன் பல்கலைக்கழக உதைபந்தாட்ட வீரர்கள் சங்கம் அமைக்க முயன்றனர். தேசியத் தொழிலுறவுச் சபையின் பிராந்தியப் பணிப்பாளர் அவர்கள் ஊழியர்களே என்று கூறினார். 2015இல் சபை, அவர்கள் ஊழியரா இல்லையா என்று சொல்லாமலே, இவ்விடயத்திற் தலையிட மாட்டோம் என்று கைவிரித்தது. 2024 மார்ச்சில் டார்ட்மவுத் கல்லூரியின் கூடைப்பந்து அணி 13க்கு 2 என்ற வாக்கில் சங்கத்தை ஆதரித்தது. கல்லூரி பேச மறுத்தது. அந்த வருடத்தின் கடைசி நாளில், புதிய ஆட்சியின் கீழ் வரப்போகும் சபை பாதகமான தீர்ப்பை எழுதிவிடும் என்ற அச்சத்தில், சங்கம் தனது மனுவை மீளப் பெற்றுக்கொண்டது.

வென்றது இன்னொரு சட்டம்: 1890ஆம் ஆண்டின் ஏகபோக எதிர்ப்புச் சட்டம். தனது உருவம் ஒரு வீடியோ விளையாட்டில் விற்கப்படுவதைக் கண்ட முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபானன் 2009இல் தொடுத்த வழக்கு அதன் முதற் கதவைத் திறந்தது. 2021 ஜூன் 21ஆம் திகதி 'அல்ஸ்ரன்' வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். ட்ரம்பினால் நியமிக்கப்பட்ட பழமைவாத நீதிபதி பிரெட் கவனோ தனியாக எழுதிய கருத்துரை எல்லாவற்றிலும் கடுமையானது. கூலி கொடுக்காமையே எமது சரக்கின் தனித்தன்மை என்று கூறிக் கூலி கொடுக்காதிருக்க வேறெந்தத் தொழிலுக்கும் இந்நாட்டில் அனுமதியில்லை என்பது அதன் சாரம்.

இடதுசாரிகள் பலர் இதைப் படித்துக் கைதட்டினர். நான் அக்கருத்துரையை வேறுவிதமாகப் படிக்கிறேன். அதிற் கண்டிக்கப்படுவது விலையை நிர்ணயிக்கும் கூட்டுச்சதி. வீரர் அங்கே தன் உழைப்பைச் சந்தையில் விற்க வந்த ஒரு தனி விற்பனையாளர். அவரது முழங்கால் உடைந்தால் யார் பொறுப்பு, பயிற்சி நேரத்தை யார் தீர்மானிப்பது, இருபத்திரண்டு வயதில் வெளியேறியபின் மருத்துவச் செலவை யார் ஏற்பது என்பவை விலைப் பிரச்சினைகள் அல்ல. ஆகவே அவற்றுக்கு அச்சட்டத்தில் இடமில்லை. ரே டெனிசனின் மனைவி இன்று அதே வழக்கைத் தொடுத்தாலும் அல்ஸ்ரன் தீர்ப்பு அவருக்கு உதவாது.

அதே 2021 ஜூலையில், வீரர்கள் தமது பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம் என்று சங்கம் விதியைத் தளர்த்தியது. உடனே பணக்காரப் பழைய மாணவர்கள் நிதிக்குழுக்களை அமைத்து, விளம்பரம் என்ற பெயரிற் சம்பளம் கொடுக்கத் தொடங்கினர். மேசைக்குக் கீழே இருந்தது மேலே வந்தது, பெயர் மட்டும் மாறியது. ஹவுஸ் இணக்கத் தீர்வும் இதே தர்க்கத்தின் தொடர்ச்சி. 20.5 மில்லியன் என்ற உச்சவரம்பை வழக்கறிஞர்களும் கல்லூரிகளும் பேசி முடித்தனர். எந்த வீரர் சங்கமும் அந்த மேசையில் இல்லை.

5. விளைவுகள்

இப்போது புலம்பலுக்கு வருவோம். வீரர்கள் வருடாவருடம் மாறுகிறார்கள் என்பது உண்மை. 2024 ஏப்ரலிலிருந்து எத்தனை முறையும் மாறி உடனேயே விளையாடலாம். ஆனால் தொழில்முறை அணிகளில் ஏன் இந்த அளவு குழப்பம் இல்லை? அங்கே ஒப்பந்தக் காலம், சம்பள உச்சவரம்பு, மாறும் விதிகள் எல்லாம் வீரர் சங்கத்தோடு பேரம்பேசி எழுதப்பட்டவை. அவ்வாறு பேசி எழுதப்பட்ட கட்டுப்பாடுகளை ஏகபோக எதிர்ப்புச் சட்டம் தீண்டாது. கல்லூரிகள் தன்னிச்சையாக விதிக்கும் கட்டுப்பாடுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே ஒவ்வொன்றும் நீதிமன்றத்தில் விழுகிறது. தொழிலாளி என்று ஏற்றிருந்தால் ஒழுங்கு கிடைத்திருக்கும். ஏற்க மறுத்தபடியால் ஒழுங்கும் இல்லை. புலம்புபவர்கள் இந்தக் காரண காரியத்தை மறைக்கிறார்கள்.

கல்லூரிப் பற்றும் மரபும் போயின என்கிறார்கள். அவற்றை முதலில் விற்றது யார்? 2024இல் பசிபிக் கரையோரத்தின் நூறாண்டுக்கு மேற்பட்ட கூட்டமைப்பிலிருந்து பன்னிரண்டில் பத்துக் கல்லூரிகள் வெளியேறின. ஸ்ரான்போர்டும் பேர்க்லியும் 'அற்லாண்டிக் கரையோர' அமைப்பிற் சேர்ந்தன! மேற்குக் கரையின் கரப்பந்து வீராங்கனை ஒரு நடுவாரப் போட்டிக்காகக் கண்டத்தைக் கடந்து பறக்கிறார். இதைத் தீர்மானித்தது வீரர்களின் கூலி அல்ல, தொலைக்காட்சிப் பணம். பிக் ரென் கூட்டமைப்பு 2022இற் செய்த ஏழு வருடத் தொலைக்காட்சி ஒப்பந்தம் 7 பில்லியன் டொலருக்கு மேல்.

புலம்பலில் ஒரு பகுதி நியாயமானது என்பதையும் சொல்ல வேண்டும். பங்கிடும் பணம் எங்கிருந்தோ வரவேண்டும். 2025 மார்ச்சில் கலிபோர்ணியாவின் கல் பொலி பல்கலைக்கழகம் ஹவுஸ் தீர்வின் செலவையும் காரணங்காட்டி நீச்சல் அணிகளை மூடியது. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கிற்குச் சென்ற அமெரிக்க வீரர்களில் நான்கில் மூன்று பங்கினர் அளவில் கல்லூரி விளையாட்டினூடாக வந்தவர்கள். அந்த ஊற்று வற்றினால் இழப்புப் பெரிது. ஆனால் 76 மில்லியனைப் பயிற்றுநருக்குக் கொடுக்க முடிந்த ஒரு துறையில், முதலில் வெட்டப்படுவது நீச்சல் தடாகமாக இருப்பது இயற்கை நியதி அல்ல. அது ஒரு தெரிவு.

பெண்களின் நிலை இன்னும் தெளிவானது. நிலுவைத் தொகையில் ஏறத்தாழ 75 சதவீதம் உதைபந்தாட்டத்துக்கும் 15 சதவீதம் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மற்றெல்லாவற்றுக்குமாக 5. கல்வியில் பால் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பணத்துக்கும் பொருந்தும் என்று கல்வித் திணைக்களம் 2025 ஜனவரியிற் கூறியது. ஆட்சி மாறியபின் பெப்ரவரியில் அதை இரத்துச் செய்தது. ஜூனில் வீராங்கனைகள் சிலர் மேன்முறையீடு செய்தார்கள். சந்தை மதிப்பைக் கூலியின் ஒரே அளவுகோலாக ஏற்றுக்கொண்டால், பல பத்தாண்டுகளாகப் பெண்களின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியிற் காட்டாமல் விட்டதன் விளைவை அவர்களது 'மதிப்பு' என்று எழுதிவிடலாம்.

எம்போன்றவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு பிரிவினர் வெளிநாட்டு மாணவர்கள். மாணவ விசாவில் இருப்பவர் வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய முடியாது. ரொறொன்ரோவில் பிறந்த ஸக் ஈடி 2023, 2024 இரண்டு வருடங்களும் நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரர். அவருடன் ஆடிய அமெரிக்கர்களுக்குத் திறந்திருந்த விளம்பர ஒப்பந்தங்களிற் பெரும்பாலானவை அவருக்கு எட்டவில்லை. மைதானத்தில் ஒரே ஆட்டம், குடிவரவு அலுவலகத்தில் ஒருவருடையது வருமானம், மற்றவருடையது குற்றம். 'வேலை' என்பதன் வரைவிலக்கணம் அதிகாரியின் முத்திரையில் இருக்கிறது என்பதை, வேலை அனுமதிக்காக வருடக்கணக்கிற் காத்திருந்த எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

6. எஞ்சும் கேள்வி

எனது வாதத்துக்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. என்.சி.ஏ.ஏ.யில் ஏறத்தாழ 1,100 கல்லூரிகளும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களும் இருக்கிறார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாருக்கும் இலாபம் ஈட்டிக் கொடுப்பதில்லை. சிறு கல்லூரியில் மெய்வல்லுநர் போட்டியில் ஓடும் பெண்ணும் தொழிலாளியா? அவரது கல்லூரி அந்தச் சுமையைத் தாங்குமா? இது அற்பமான கேள்வியல்ல. 2024 ஜூலையில் மூன்றாவது சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 'ஜோன்சன்' வழக்கிற் காட்டிய வழி எனக்கு ஏற்புடையது. எல்லோரும் தொழிலாளர் என்றோ எவருமே இல்லை என்றோ அது சொல்லவில்லை. யாருக்காக, யாருடைய கட்டுப்பாட்டின் கீழ், என்ன பிரதிபலனுக்காக உழைக்கிறார் என்பதை ஒவ்வொரு நிலையிலும் பார்க்க வேண்டும், 'அமெச்சூர்' என்ற முத்திரை மட்டும் அந்தக் கேள்வியை மூடிவிடாது என்றது.

அதை மூடிவிடுவதற்கான முயற்சியும் நடக்கிறது. 2025 ஜூலையிற் காங்கிரசுக்கு வந்த 'ஸ்கோர்' சட்டமூலம் இரண்டு விடயங்களை ஒரே மூச்சிற் கேட்கிறது: சங்கத்துக்கு ஏகபோக எதிர்ப்புச் சட்டத்திலிருந்து பாதுகாப்பு, வீரர்கள் ஊழியர்கள் அல்ல என்ற பிரகடனம். அதாவது பேரம்பேசி ஒப்பந்தம் எழுதும் முதலாளிக்குக் கிடைக்கும் கவசம் வேண்டும், பேரம்பேச எதிரே ஒருவரும் இருக்கக்கூடாது. இவ்வாறான ஒன்று நிறைவேறினால் வீரர்களின் கையில் இருக்கும் ஒரேயொரு ஆயுதமும் போய்விடும். 20.5 மில்லியனைக் கண்டு கொண்டாடுபவர்கள் இதையே உற்றுப் பார்க்க வேண்டும். உரிமையாக எழுதப்படாத கூலியைக் கொடுத்தவர் திருப்பி எடுக்கலாம்.

விளையாட்டைத் தொழிலாகக் கருதினால் அதன் ஆனந்தம் போய்விடும் என்று கருதும் நண்பர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். நாதஸ்வரக்காரர் கூலி வாங்குவதால் இராகம் கெடுவதில்லை என்பதே அவர்களுக்கு எனது பதில். மாற்றுக் கருத்துள்ளவர்கள் அடுத்த இதழில் எழுத வேண்டும்.